எக்செலில் ஓ.டி. கணக்கு: எங்கே சரியாக வரும், எங்கே கவிழும்

ஆறு கட்டங்களில் வரிசையாக 8:00 என்று அடித்து, கீழே கூட்டல் போடுங்கள். எக்செல் 0:00 என்று காட்டும். வாரம் முழுக்க 48 மணி நேரம் உழைத்த ஆள் ஒரு நிமிடம்கூட வேலை பார்க்கவில்லை என்பது அதன் தீர்ப்பு. இந்த இடத்தில் முட்டிக்கொண்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் 0:00 என்பது கண்ணில் படும் தவறு. கண்ணில் படாமல் மாதாமாதம் சம்பளத்தைக் கரைக்கும் தவறுகள் வேறு.

ஷிப்ட், ஓவர்டைம் (ஓ.டி.) கணக்குக்கு எக்செல் எப்படி? கூட்டல் கழித்தலில் அதைக் குறை சொல்ல முடியாது. கொடுத்ததை எல்லாம் சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொள்வதுதான் அதன் கோளாறு. காலிக் கட்டத்தை நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும். எழுத்தாக வந்து விழுந்த நேரத்தைக் கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கை மணி அடிக்காது.

முதலில் அந்த 0:00 விவகாரம். எக்செலுக்கு நேரம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஒரு நாள் என்றால் 1. பகல் 12 மணி 0.5. ஒரு மணி நேரம் 24இல் ஒரு பங்கு, ஒரு நிமிடம் 1440இல் ஒரு பங்கு. 48 மணி நேரம் அதற்கு வெறும் 2. மணி நிமிடமாகக் காட்டச் சொன்னால் முழு நாட்களைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். இங்கே மிச்சம் ஒன்றுமில்லை. 45 மணி நேரம் 21:00 ஆகத் தெரிவதும் இதனால்தான். கஸ்டம் ஃபார்மட்டில் மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள், [h]:mm என்று, போட்டால் 48:00 என்று ஒழுங்காக வரும். கூகுள் ஷீட்ஸில் டியூரேஷன் என்ற வடிவமே தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

காட்சியைச் சரிசெய்வதோடு வேலை முடியாது. 48:00 என்று அழகாகத் தெரியும் கட்டத்தை மணிக்கு 100 என்ற கூலியால் பெருக்கினால் 4,800 வராது, 200 வரும். உள்ளே இருப்பது இன்னும் 2தான். 24ஆல் பெருக்கிய பிறகே அது மணி நேரமாகும். 200 என்று வந்தால் யாரும் பிடித்துவிடுவார்கள். ஆனால் ஓ.டி. பத்தியில் மட்டும் இந்த 24 விடுபட்டுப்போனால், 12 மணி ஓ.டி.க்கு 50 என்று வந்து, மொத்தச் சம்பளத்துக்குள் கரைந்துவிடும்.

எட்டரை மணி நேரத்தை நோட்டில் 8.30 என்று எழுதுவது பலருக்கும் கைப்பழக்கம். அதே பழக்கத்தில் எக்செலிலும் அடிப்பார்கள். எக்செலுக்கு 8.30 என்பது எட்டும் பத்தில் மூன்றும், அதாவது 8 மணி 18 நிமிடம். நாளுக்கு 12 நிமிடம் போயிற்று. 26 வேலை நாளில் 312 நிமிடம். 5 மணி 12 நிமிட உழைப்பு கணக்கிலேயே வராது. 8.45 என்று எழுதினால் நாளுக்கு 18 நிமிடம் போகும். இதில் கவனிக்க வேண்டியது, தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்பது. 60ஆல் வகுக்க வேண்டிய நிமிடத்தை 100ஆல் வகுத்தால் விடை எந்நாளும் குறைவாகத்தான் வரும். ஆளுக்கு நஷ்டம், ஒரு நாளும் லாபமில்லை. கூடுதலாகக் கொடுத்திருந்தால் கணக்குப் பிரிவு ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்திருக்கும்.

ஏற்கெனவே ஒரு மாதம் முழுக்க இப்படி அடித்துவிட்டீர்கள் என்றால் திரும்ப அடிக்க வேண்டாம். பக்கத்துப் பத்தியில் இதைப் போடுங்கள் (சூத்திரப் பெயர்களை எக்செலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்: முழு எண்ணை எடுக்கும் இன்ட் என்பது INT, மிச்சத்தை எடுக்கும் மாட் என்பது MOD; "நேரம்" என்ற இடத்தில் கட்டத்தின் முகவரி வரும்):

=இன்ட்(நேரம்)+மாட்(நேரம்,1)*100/60

8.30 என்பது 8.5 ஆகிவிடும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 8.50 என்று அடித்தால் எக்செல் கடைசிச் சுழியை விழுங்கி 8.5 என்று வைத்துக்கொள்ளும். அது 8 மணி 50 நிமிடமா, எட்டரை மணியா, 8 மணி 5 நிமிடமா என்று அடித்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாதம் முடிந்தபின் அடித்தவருக்கும் தெரியாது. ஆகவே மொத்த மணி நேரத்தைக் கையால் அடிக்கும் பத்தியே வேண்டாம். உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இரண்டையும் ஒற்றைப் புள்ளி இல்லாமல் இரட்டைப் புள்ளி (:) வைத்து அடியுங்கள். கழித்தல் எக்செலின் பொறுப்பு.

இனி நைட் ஷிப்ட். இரவு 22:00க்கு உள்ளே, காலை 06:00க்கு வெளியே. வெளியிலிருந்து உள்ளைக் கழித்தால் மைனஸ் விடை வரும். எக்செல் மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்க வேலி போட்டதுபோல் குறியாக நிரப்பிவிடும். இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து மாட்:

=மாட்(வெளி-உள்,1)

நள்ளிரவைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் சரியான விடை தரும். நல்ல மருந்துதான், ஆனால் பக்க விளைவு உண்டு. 9:00 மணிக்கு உள்ளே வந்தவர் வெளியேறும்போது பஞ்ச் வைக்க, அதாவது நேரத்தைப் பதிய, மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெளி என்ற கட்டம் காலி. காலி என்றால் சுழி, சுழி என்றால் நள்ளிரவு. மாட் உடனே 15 மணி நேரம் என்று கணக்குப் போடும். அதில் 8 போக 7 மணி நேரம் ஓ.டி. பஞ்சை மறந்தவருக்குப் பரிசு. இதையே இரவு ஷிப்டுக்காரர் மறந்தால் 22:00 முதல் நள்ளிரவு வரை 2 மணி நேரம்தான் வரும், 6 மணி நேரம் போய்விடும். ஒரே மறதிக்கு ஷிப்டைப் பொறுத்து ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். இரண்டாவது பக்க விளைவு: 24 மணி நேரத்துக்கு மேல் போனால் மாட் அதைச் சுருட்டிவிடும். இன்று காலை 6:00க்கு வந்து, ஆள் மாற்று வராமல், நாளைக் காலை 8:00க்குப் போனவருக்கு 26 மணி நேரம் வர வேண்டும். 2 மணி நேரம் வரும்.

மருந்தை இப்படிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்:

=இஃப்(கவுன்ட்(உள்,வெளி)<2,"பஞ்ச் இல்லை",ரவுண்ட்(மாட்(வெளி-உள்,1)*1440,0))

கவுன்ட் எண்களை மட்டும்தான் எண்ணும். காலிக் கட்டமாக இருந்தாலும், நேரம் மாதிரி வேஷம் போட்ட எழுத்தாக இருந்தாலும் "பஞ்ச் இல்லை" என்று சொல்லிவிடும். விடை மணியில் வராது, முழு நிமிடத்தில் வரும். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம். தாளின் உச்சியில் "பஞ்ச் இல்லை" எத்தனை என்று எண்ணும் ஒரு கட்டம் வையுங்கள். அது சுழி ஆகாமல் சம்பளப் பட்டியல் போகக் கூடாது. மீதிப் பாதிச் சிக்கல், அதாவது 24 மணி நேரத்தைத் தாண்டும் டூட்டி, தேதியையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் சேர்த்து வைத்தால் மட்டுமே தீரும். அப்போது மாட் தேவையே இல்லை, நேரடியாகக் கழிக்கலாம்.

நிமிடத்துக்கு வருவோம். 24இல் ஒரு பங்கு என்பது முடிவில்லாத பின்னம். எக்செல் அதைப் பதினைந்து இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் சில நேர ஜோடிகளைக் கழித்தால் சரியாக 8 மணி நேரம் வராது. கடைசி இலக்கத்தில் ஒரு துளி கூடியோ குறைந்தோ நிற்கும். திரையில் 8:00 என்றுதான் தெரியும். "8க்கு மேல் இருந்தால் ஓ.டி." என்ற நிபந்தனை அந்தத் துளியைப் பார்த்துத் திறந்துகொள்ளும். கால் மணிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கும் ஃப்ளோர் போட்டிருந்தாலோ, ஒரு துளி குறைந்த 8:00 அப்படியே 7:45க்குச் சறுக்கும். 1440ஆல் பெருக்கி ரவுண்ட் செய்து முழு எண்ணாக்கிவிட்டால் இந்தப் பேய் ஓடிவிடும். அதன்பின் எல்லா ஒப்பீடும் 480 நிமிடத்தோடுதான், 8:00 உடன் அல்ல.

முழுமையாக்குவதைப் பற்றி இன்னொன்று. அமெரிக்க விதிகள் நேரத்தைக் கால் மணிக்கு முழுமையாக்க அனுமதிக்கின்றன. ஆனால் கீழேயும் மேலேயும் சமமாகப் போக வேண்டும், காலப்போக்கில் ஆளுக்கு நஷ்டம் வரக் கூடாது. அதாவது 7 நிமிடம் வரை கீழே, 8 நிமிடத்திலிருந்து மேலே. எக்செலில் இதற்கு எம்ரவுண்ட் இருக்கிறது. ஃப்ளோர் போட்டால் எப்போதும் கீழேதான். பல தயார்நிலை டெம்ப்ளேட்டுகளில் உள்ளே வரும் நேரத்துக்கு மேல்நோக்கிய சீலிங்கும் வெளியே போகும் நேரத்துக்குக் கீழ்நோக்கிய ஃப்ளோரும் இருக்கும். 8:46க்கு வந்து 17:14க்குப் போனவருக்கு 9:00 முதல் 17:00. 28 நிமிடம் காற்றில். டெம்ப்ளேட்டை இறக்கியதும் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டு பெயர்களைத்தான். நிமிடக் கணக்கிலேயே சம்பளம் போட எக்செலுக்கு ஒரு சிரமமும் இல்லாதபோது, கால் மணிக்கு முழுமையாக்க வேண்டிய தேவை என்ன என்று தெரியவில்லை. அது கையால் கணக்குப் போட்ட காலத்து வசதி.

பெரும்பாலான இடங்களில் நேரத்தை யாரும் கையால் அடிப்பதில்லை. கைரேகைக் கருவியோ முகம் பார்க்கும் கருவியோ கொடுக்கும் கோப்பை எக்செலில் திறக்கிறார்கள். சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கருவியின் அறிக்கையில் "முதல் பஞ்ச், கடைசிப் பஞ்ச்" என்று இரண்டு பத்தி இருக்கும். நாள்காட்டித் தேதிப்படி அந்த நாளின் முதலாவதும் கடைசியும். பகல் ஷிப்டுக்கு இது சரி. தொடர்ந்து இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒரு தேதியின் முதல் பஞ்ச் எது? நேற்றைய ஷிப்ட் முடிந்து காலை 6:00க்கு வெளியே போனது. கடைசிப் பஞ்ச்? அன்றிரவு 22:00க்கு மறுபடி உள்ளே வந்தது. அறிக்கை அவரை 6:00 முதல் 22:00 வரை 16 மணி நேரம் வேலை பார்த்தவராகக் காட்டும். வீட்டில் தூங்கிய நேரத்துக்கு டபுள் டூட்டி. டைம் ஆபீஸில் இருப்பவர் இதைப் பார்த்ததும் "கருவி தப்பு" என்று சொல்லி எல்லோருக்கும் 8 என்று கையால் அடித்துவிடுவார். உண்மையிலேயே 10 மணி நேரம் பார்த்தவரின் 2 மணி நேரமும் அந்த 8க்குள் அடங்கிவிடும்.

ஆகவே அந்த அறிக்கையை எடுக்காதீர்கள். கச்சாப் பஞ்ச் பட்டியலை எடுங்கள்: பணியாளர் எண், தேதியும் நேரமும், முடிந்தால் உள்ளா வெளியா என்ற குறி. நிரந்தர இரவு ஷிப்டுக்காரர்களுக்கு நாளை நள்ளிரவில் வெட்டாமல் நண்பகலில் வெட்ட வேண்டும். பஞ்ச் நேரத்திலிருந்து 0.5ஐக் கழித்து இன்ட் எடுத்தால், நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை எல்லாப் பஞ்சும் ஷிப்ட் தொடங்கிய தேதியிலேயே விழும். பகல் ஷிப்டுக்காரர்களுக்கு வெட்டு அதிகாலை 4:00 மணியில் இருக்கட்டும்.

மூன்று ஷிப்டும் சுழன்று வரும் இடத்தில் இதுவும் கைகொடுக்காது. 22:00 முதல் 6:00 வரை பார்த்தவர் 6:10க்கு வெளியேறுவார். காலை ஷிப்டுக்காரர் 5:50க்கு உள்ளே வருவார். இருவருக்கும் பொருந்தும் ஒரே வெட்டு நேரம் கிடையாது. பஞ்ச்களை நேர வரிசையில் அடுக்கி ஒன்று உள், ஒன்று வெளி என்று ஜோடி சேர்க்கலாம் என்பார்கள். ஒரே ஒரு பஞ்ச் விடுபட்டால் போதும், அதற்குப் பின்னால் வரும் எல்லா ஜோடியும் புரண்டுபோகும். வேலை நேரம் ஓய்வாகவும் ஓய்வு வேலையாகவும் மாறும். "16 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் புது ஷிப்ட்" என்று வரம்பு வைத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்: 14:00க்குப் போய் மறுநாள் 6:00க்கு வருபவரின் ஓய்வும் 16 மணி நேரம், டபுள் டூட்டி பார்ப்பவரின் வேலையும் 16 மணி நேரம். எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வழி இரண்டுதான். உள்ளே வர ஒரு கருவி, வெளியே போக ஒரு கருவி என்று வைத்துக் குறியை நம்புவது. அல்லது யார் எந்தத் தேதியில் எந்த ஷிப்ட் என்ற ரோஸ்டரை இன்னொரு தாளில் வைத்து, பஞ்சை அதோடு ஒப்பிடுவது. இரண்டாவதை எக்செலில் செய்யலாம். ஆனால் ஷிப்ட் மாற்றிக்கொண்டவர்களின் பெயரைத் தினமும் ரோஸ்டரில் திருத்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோப்பைத் திறக்கும்போதே நடக்கும் விபத்து ஒன்று இருக்கிறது. கருவி தேதியை நாள்/மாதம்/ஆண்டு என்று கொடுக்கும். கணினியின் அமைப்பு மாதம்/நாள்/ஆண்டு என்று இருந்தால், 1 முதல் 12 வரையிலான தேதிகளை எக்செல் தலைகீழாக்கிக்கொள்ளும். ஜூன் 5 மே 6 ஆகிவிடும். 13ஆம் தேதியிலிருந்து அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் அவை எழுத்தாகவே நின்றுவிடும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பிடிக்க எளிய வழி: பத்தியின் சீரமைப்பை நீக்கிப் பாருங்கள். எண் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, தேதிப் பத்தியின் வரிசையை நீங்களே சொன்னால் இந்த வம்பு இல்லை. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் கோப்பு வந்தால் வரிசை எண்ணிக்கையையும் பாருங்கள். அதன் எல்லை 65,536 வரிசை. 200 பேர், நாளுக்கு 4 பஞ்ச், 26 நாள் என்றால் மாதத்துக்கு 20,800. நான்காவது மாதத்தின் தொடக்கத்திலேயே கோப்பு நிரம்பிவிடும். இப்போதைய வடிவில் 10,48,576 வரிசை வரை இடம் உண்டு.

நாள் கணக்கு முடிந்தது. வாரக் கணக்கில் எக்செலின் குறை என்பதைவிட, நாம் தாளை மாதவாரியாகப் பிரிக்கும் பழக்கத்தின் குறை அதிகம். ஜனவரி ஒரு தாள், பிப்ரவரி ஒரு தாள். மாதம் புதன்கிழமையோடு முடிகிறது. திங்கள் முதல் புதன் வரை 30 மணி நேரம் ஒரு தாளில், வியாழன் முதல் சனி வரை 30 மணி நேரம் அடுத்த தாளில். வார வரம்பு 48 என்றால் எந்தத் தாளிலும் ஓ.டி. இல்லை. உண்மையில் 12 மணி நேரம் ஓ.டி. மாதத்துக்கு ஒரு வாரம் இப்படி வெட்டுப்படும். எல்லா மாதத்தையும் ஒரே நீண்ட பட்டியலாக வைத்து, "வாரத் தொடக்கம்" என்று ஒரு பத்தி சேருங்கள்:

=தேதி-வீக்டே(தேதி,2)+1

எந்தத் தேதி கொடுத்தாலும் அந்த வாரத்தின் திங்கள்கிழமை வரும். சம்இஃப்ஸ் கொண்டு ஆள்வாரியாக, வாரவாரியாகக் கூட்டலாம். இதற்கு வார எண் தரும் வீக்நம்மைப் பயன்படுத்தாதீர்கள். அது ஜனவரி 1 வந்ததும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கி, ஆண்டுக் கடைசி வாரத்தை இரண்டாக உடைத்துவிடும்.

நாள் வரம்பும் வார வரம்பும் இரண்டும் உள்ள இடத்தில் இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. 6 நாளும் 10 மணி நேரம் வேலை என்றால் நாள்வாரியாகப் பார்த்தாலும் 12 மணி ஓ.டி., வாரவாரியாகப் பார்த்தாலும் அதே 12. கூட்டினால் 24 ஆகிவிடும். 10, 6, 10, 6, 8, 8 என்று வேலை பார்த்தால் வாரம் சரியாக 48, வாரவாரியாக ஓ.டி. இல்லை, நாள்வாரியாக 4. இரண்டில் பெரியதை எடுக்க ஒரு மேக்ஸ் போதும். உங்கள் சட்டம் எதைச் சொல்கிறதோ அதைத்தான் வைக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று வைத்து, ஓ.டி.க்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கேட்டது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. சிங்கப்பூரில் 44 மணி நேரம், ஒன்றரை மடங்கு. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரு மடங்கு என்றது. பின்னர் இயற்றப்பட்ட சட்டத் தொகுப்பும் இரு மடங்கிலேயே நிற்கிறது. மலேசியா 2023 ஜனவரி 1 முதல் 48ஐ 45 ஆகக் குறைத்தது.

அந்தக் கடைசி வரிதான் எக்செலுக்குச் சோதனை. வரம்பு 48 என்பதைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதியிருந்தால் நூறு இடத்தில் திருத்த வேண்டும். புத்திசாலிகள் தனிக் கட்டத்தில் வைத்திருப்பார்கள். அதை 45 என்று மாற்றிய கணத்தில் போன ஆண்டுக் கணக்கு எல்லாம் சேர்ந்து மாறிவிடும். கொடுத்து முடித்த சம்பளத்துக்கும் தாளுக்கும் பொருந்தாது. நடுமாதத்தில் கூலி உயர்ந்தாலும் இதே கதை. "எந்தத் தேதியிலிருந்து, என்ன வரம்பு, எத்தனை மடங்கு, என்ன கூலி" என்று நான்கு பத்தியில் சிறு அட்டவணை வைத்து, வேலை நாளின் தேதியைக் கொண்டு அதில் தேட வேண்டும். எக்ஸ்லுக்கப்பில் "இல்லையென்றால் அதற்கு முந்தையது" என்ற தேர்வு இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. எக்செலில் மனம்திறந்து பாராட்ட வேண்டிய இடம் இது. பல தயார் சம்பள மென்பொருளில் இதே காரியத்துக்கு விற்பனையாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

வார விடுமுறைக்கும் இரவு ஷிப்டுக்கும் இடையே ஒரு முடிச்சு. சனி 22:00க்கு வந்து ஞாயிறு 6:00க்குப் போகிறார். ஞாயிறு வார விடுமுறை, அன்று வேலை பார்த்தால் கூடுதல் கூலி. அந்த 6 மணி நேரம் சனியா, ஞாயிறா? நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் முந்தைய நாளைச் சேர்ந்தது, அவருக்கு விடுமுறை நாள் ஷிப்ட் முடிந்த கணத்திலிருந்து 24 மணி நேரம் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆவது பிரிவு தெளிவாகவே எழுதிவைத்தது. அப்படியானால் வீக்டேயை வெளியேறிய தேதியில் போடாமல் உள்ளே வந்த தேதியில் போட வேண்டும். ஞாயிறு இரவு 22:00க்கு வந்தவருக்கோ திங்கள் காலை 6:00 வரை முழுதும் ஞாயிறு. இருவருக்கும் ஒரே சூத்திரம்தான், அது உள்ளே வந்த தேதிக் கட்டத்தைக் காட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் நாடுகளில் அந்த இரவுகளில் 22:00 முதல் 6:00 வரை 7 மணி நேரமோ 9 மணி நேரமோ இருக்கும்; எக்செலுக்கு அது என்றும் 8தான். ஆண்டில் இரண்டு இரவு, கையால் திருத்துங்கள்.

கூலி விகிதத்தில் சூத்திரத் தவறைவிட நோக்கத் தவறு அதிகம். மாதச் சம்பளம் 20,800. 26 நாளால், 8 மணியால் வகுத்தால் மணிக்கு 100. 30 நாளால் வகுத்தால் 86.67. இரு மடங்கில் 40 மணி ஓ.டி.க்கு முதலாவதில் 8,000, இரண்டாவதில் 6,933. ஒரு கட்டத்தில் 26க்குப் பதில் 30 என்று இருப்பதன் விலை 1,067. மலேசியச் சட்டம் 26 என்கிறது. சிங்கப்பூர் மாதச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரமும் 44 மணி நேரமும் சேர்ந்த 2,288ஆல் வகுக்கச் சொல்கிறது. அந்த வகுக்கும் எண் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது, பே ஸ்லிப்பில் தெரியும் கட்டமாக இருக்க வேண்டும். ஓ.டி. கட்டம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்கிறதா, படிகளையும் சேர்த்துப் பார்க்கிறதா என்பதையும் சொடுக்கிப் பாருங்கள். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு படிகளையும் சேர்த்தே சாதாரண விகிதம் என்றது, போனஸையும் ஓ.டி. கூலியையும்தான் விலக்கியது.

மணிக்கூலிக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம். மொத்த மணி நேரத்தையும் ஒரு மடங்கில் கொடுத்துவிட்டு ஓ.டி.க்கு மேல்மிச்சமாக அரை மடங்கு சேர்ப்பது ஒரு முறை. சாதாரண நேரத்தைத் தனியாகவும் ஓ.டி.யை ஒன்றரை மடங்காகவும் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டும் ஒரே தொகைதான். ஒருவர் போட்ட தாளை இன்னொருவர் திருத்தும்போது இரண்டும் கலந்தால் ஓ.டி. அரை மடங்காகச் சுருங்கும், இல்லை இரண்டரை மடங்காக வீங்கும்.

இடைவேளைக்கு "5 மணி நேரத்துக்கு மேல் போனால் 30 நிமிடம் கழி" என்று போடுவார்கள். 4 மணி 59 நிமிடம் பார்த்தவருக்கு முழுதும் கிடைக்கும். 5 மணி 1 நிமிடம் பார்த்தவருக்கு 4 மணி 31 நிமிடம். இரண்டு நிமிடம் கூட உழைத்ததற்குத் தண்டனை. கழித்த பின் வரும் விடை 5 மணிக்குக் கீழே இறங்காதபடி ஒரு மேக்ஸ் சேருங்கள். ஆள் மாற்று வராமல் இடைவேளையே எடுக்காதவருக்குக் கழிக்காமல் இருக்க ஒரு ஆம்/இல்லை பத்தியும் வேண்டும்.

எக்செலின் மிகப் பெரிய ஓட்டை கணக்கில் இல்லை, காவலில் இருக்கிறது. சூத்திரம் இருக்கும் கட்டத்தின் மேல் யார் வேண்டுமானாலும் எண்ணை அடித்துவிடலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஷீட் புரொடெக்ஷன் என்பது தவறுதலாகக் கை படாமல் இருக்கத்தான், திருட்டுக்குப் பூட்டு அல்ல. இணையத்தில் பகிர்ந்த கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வசதி உண்டு, ஆனால் அது 60 நாள் வரைதான் பின்னால் போகும். அமெரிக்க விதிகள் நேர அட்டைகளை 2 ஆண்டும் சம்பளப் பதிவுகளை 3 ஆண்டும் வைத்திருக்கச் சொல்கின்றன. சம்பளத் தகராறு 60 நாளில் முடிந்துவிடுவதில்லை. கருவி கொடுத்த கச்சாக் கோப்பை மாதாமாதம் தொடாமல் தனியே எடுத்து வையுங்கள். திருத்தங்களைப் பஞ்சின் மேல் எழுதாமல் "திருத்திய நேரம், திருத்தியவர், காரணம்" என்று பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். அச்சடித்துக் கையெழுத்து வாங்கிய தாளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

ஷிப்ட் மாறாத 50 பேர் வரை எக்செல் தாராளமாகத் தாங்கும். ஷிப்ட் சுழலும் இடத்தில் 20 பேருக்கே திணறும். தலைக்கணக்கைப் பார்த்து மென்பொருள் மாற்றுபவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எந்தத் தாளை எடுத்தாலும், வாங்கிய மென்பொருளாகவே இருந்தாலும், உண்மையான ஆட்களின் பெயரை ஏற்றுமுன் சில பொய்ப் பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். 22:00 உள், 06:00 வெளி: 480 நிமிடம் வர வேண்டும். 9:30 உள், 17:30 வெளி: 480, ஓ.டி. சுழி, ஒரு நிமிடம்கூடக் கூடாது. 9:00 உள், வெளி காலி: எண் எதுவுமே வரக் கூடாது. மாத இறுதியில் வெட்டுப்படும் வாரத்தில் 30ம் 30ம்: 12 மணி நேரம் ஓ.டி. சனி இரவு வந்தவர், ஞாயிறு இரவு வந்தவர் என்று இரண்டு வரிசை: விடுமுறைக் கூலி இரண்டாமவருக்கு மட்டும். பிறகு வரம்பு அட்டவணையில் நாளைய தேதியிட்டு ஒரு புது வரிசையைச் சேர்த்துவிட்டுப் போன மாத மொத்தத்தைத் திரும்பப் பாருங்கள். ஒரு பைசா அசைந்திருந்தாலும் தாளை இன்னும் ஏற்ற வேண்டாம்.